கடலூரா, புதுச்சேரியா: போர் விளையாட்டில் இரு பக்கத்தையும் சமன்செய்ய நான்கு வழிகள்

"ஆங்கிலேயராக உட்காருபவரே ஒவ்வொரு முறையும் வெல்கிறார். பிரெஞ்சுப் பக்கத்துக்குப் படையைக் கூட்டினால் வரலாறு பொய்யாகிறது. கூட்டாவிட்டால் அந்தப் பக்கம் உட்கார ஆள் கிடைப்பதில்லை. என்ன செய்வது?"

சென்ற மாதம் மட்டும் மூன்று வாசகர்கள் ஏறக்குறைய இதே கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் 1760-61இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியை முற்றுகையிட்டதைப் பலகை விளையாட்டாக உருவாக்குகிறார். இன்னொருவர் கல்லூரித் திட்டப்பணிக்காகக் கணினியில் அதையே செய்கிறார். மூன்றாமவர் பள்ளி ஆசிரியை. அவருக்கு ஒரே பாடவேளைக்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கடலூரில் வாழ்கிறவனுக்கு இந்தக் கேள்வி வெறும் விதிக் கணக்கு இல்லை. கெடிலம் கடலைத் தொடுகிற தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. 1690இல் அந்தக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை இருந்த ஊர்களும் சேர்ந்தே கைமாறின. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்த பிறகு ஆங்கிலேயரின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். எதிரியின் தலைமையிடமோ புதுச்சேரி, இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இவ்வளவு நெருக்கத்தில் இரண்டு பகைத் தலைநகரங்கள் இருந்த கடற்கரையை விளையாட்டாக்கும்போது, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், இருவருக்கும் கடைசிச் சுற்று வரை வேலை இருக்க வேண்டும். தோற்கிறவருக்கும் யோசித்து எடுக்க ஒரு முடிவு மிச்சமிருக்க வேண்டும். பகடையை உருட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருப்பது விளையாட்டு ஆகாது.

இரண்டாவது, எனக்கு மிக முக்கியமானது: காரணம் தெரிய வேண்டும். எத்தனை பேர் நின்றார்கள் என்பதைவிட, ஏன் அப்படி முடிந்தது என்பதை ஆடுகிறவர் தன் கையால் உணர வேண்டும். வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஐரோப்பியப் படைவீரர்களின் எண்ணிக்கையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் கை சற்று ஓங்கியே இருந்தது. ஆனாலும் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது புரியாது. அதற்கு மூன்று மாதம் முன்பு, 1759 அக்டோபரில், சம்பளப் பாக்கிக்காகப் பிரெஞ்சு வீரர்களே கலகம் செய்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் புரியத் தொடங்கும். ஆங்கிலேயருக்கு 1757க்குப் பிறகு வங்காளத்திலிருந்து பணம் வந்தது. லாலியோ பணம் தேடித் தஞ்சாவூர் வரை படை நடத்திப்போய் வெறுங்கையோடு திரும்பினார்.

மூன்றாவது, வெல்லும் வாய்ப்பு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. நான்காவது, விளையாடவும் சோதித்துப் பார்க்கவும் ஆகும் நேரம். இவை இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை.

ஐந்தாவது, இவ்விரு கொடிகளுக்கும் அடியில் இருந்தவர்கள். நவாபின் ஆட்கள், மைசூர்ப் படை, இரு பக்கமும் சம்பளத்துக்கு நின்ற தென்னகத்துச் சிப்பாய்கள், கோட்டைக்குள் அடைபட்ட ஊர்மக்கள். இவர்களுக்குப் பலகையில் இடமே இல்லையென்றால், ஆடுவது நம் ஊரின் வரைபடத்தின் மேல் நடக்கும் வேறு யாருடைய கதையோதான்.

## வழி ஒன்று: படைபலத்தைச் சமமாக்குவது

இரு பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் காய்கள், ஒரே அளவு பணம், ஒரே வகைக் கப்பல்கள். சதுரங்கம் போல. நிறமும் கொடியும் மட்டும் வேறு.

விதியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வெற்றிவாய்ப்பைச் சரிபார்க்க அதிகம் சோதிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இதன் மறைமுக விலை மிகப் பெரியது. காரணம் முழுவதுமாக அழிந்துவிடும். ஆங்கிலக் கடற்படைத் தளபதி போகாக்கும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷேயும் 1758, 1759 ஆண்டுகளில் இந்தக் கரையோரம் மூன்று கடற்போர்கள் நடத்தினார்கள். முதலாவது நம் கடலூருக்கு எதிரே. எதிலும் தெளிவான வெற்றி இல்லை. வேறுபாடு போருக்குப் பிறகு வந்தது. ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்குப் போய்ப் பழுதுபார்த்துக்கொண்டு திரும்பின. பிரெஞ்சுக் கப்பல்கள் மொரீஷியஸ் வரை போக வேண்டியிருந்தது, அங்கே உணவுக்கே தட்டுப்பாடு. 1759 இலையுதிர் காலத்தில் போன தாஷே திரும்பி வரவேயில்லை. இரு அணிக்கும் ஒரே தொலைவில் ஒரே மாதிரித் துறைமுகம் கொடுத்துவிட்டால் இந்தக் கடற்கரையின் மொத்தக் கதையும் போய்விடுகிறது.

இங்கேயே இன்னொரு ஆசையையும் தடுத்துவிடுகிறேன். காய்களைச் சமமாக வைத்துவிட்டு, சுவைக்காக "பிரெஞ்சுக்காரர் துணிச்சல், தாக்கும்போது கூடுதல் ஒன்று", "ஆங்கிலேயர் ஒழுங்கு, காக்கும்போது கூடுதல் ஒன்று" என்று குணம் ஒட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரு பக்கச் சிப்பாய்களும் ஒரே நாட்டின் பிள்ளைகள். கொடி மாறியதும் மனிதனின் குணம் மாறாது. மாறியது சம்பளம், பயிற்சி, வெடிமருந்து, தலைவர்கள் நடுவே இருந்த ஒற்றுமை. அவற்றை விதியாக்குங்கள்.

எப்போது இதுவே சரி? ஆசிரியைக்கு. நாற்பது நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு இடங்களின் பெயரும் திசையும் மனதில் நிற்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆட்டம் முடிந்ததும் "உண்மையில் இவர்களிடம் இவ்வளவு பணம் இருந்ததா?" என்ற ஒரு கேள்வியோடு பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

## வழி இரண்டு: உள்ளதை உள்ளபடி வைத்து, இடம் மாறி இருமுறை ஆடுவது

படையும் பணமும் வரலாற்றில் இருந்தபடியே. இலக்கும் இருவருக்கும் ஒன்றே: கோட்டை யார் கையில்? முதல் ஆட்டம் முடிந்ததும் இடம் மாறி உட்கார்ந்து மறுபடி ஆட வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்தில் அதிக நாள் தாக்குப்பிடித்தவரே மொத்தத்தில் வென்றவர்.

நேர்மை என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. எந்த எண்ணையும் நாம் திருத்தவில்லை. வெற்றிவாய்ப்பும் தானாகச் சமமாகிவிடுகிறது.

ஆனால் நேரம் இரட்டிப்பாகும். மூன்று மணி நேர ஆட்டத்தை ஒரே நாளில் இருமுறை ஆடுபவர்கள் குறைவு. பிரெஞ்சுப் பக்கத்தில் இரண்டாவதாக உட்காருபவருக்கு எதிராளியின் தந்திரம் தெரிந்திருக்கும், முதலில் உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. மேலும் 1760 போன்ற ஆண்டை எடுத்தால் கடைசி ஒரு மணி நேரம் பட்டினி கிடப்பதைத் தவிரப் பிரெஞ்சுப் பக்கத்துக்கு வேலையே இருக்காது. முதல் அளவுகோலில் இது தவறிவிடுகிறது.

கணினியில் செய்யும் மாணவருக்கு நான் சொல்வது இதைத்தான். எதிரே கணினி இருக்கும்போது யாரும் சலிப்படைய மாட்டார்கள். ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் மாறி ஆடலாம்.

## வழி மூன்று: படையைத் தொடாமல் இலக்கை மாற்றுவது

நான் நம்பும் வழி இது. நம் திண்ணைகளில் தலைமுறைகளாக ஆடிய ஆடுபுலி ஆட்டம் இதைத்தான் செய்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் கொல்லும், ஆட்டால் கொல்லவே முடியாது. ஆனால் ஆட்டுக்குப் புலியைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை. நகர விடாமல் மடக்கினால் போதும். ஆட்டுக்குக் கொம்பைக் கூர்மையாக்கிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. வலிமை வேறு, வெற்றிக்கு அர்த்தம் வேறு.

புதுச்சேரி முற்றுகைக்கு இதை எப்படிப் பொருத்துவது? கோட்டை 1761 ஜனவரி 16 அன்று வீழ்ந்தது. ஆகவே அந்த நாளைத் தாண்டி நிற்பதே பிரெஞ்சுப் பக்கத்தின் வெற்றி. வரலாற்றை விட ஒரு வாரம் அதிகம் நின்றாலும் அவர் தன் திறமையைக் காட்டிவிட்டார். ஆங்கிலப் பக்கத்துக்கு அந்த நாளுக்குள் பிடிக்க வேண்டும், அதுவும் கப்பல் அணியை இழக்காமல். 1761 ஜனவரி முதல் நாள் அடித்த புயல் முற்றுகையிட்ட கப்பல்களில் சிலவற்றை உடைத்துப் போட்டது என்பதால் இந்த இரண்டாவது நிபந்தனை சும்மா வைத்தது இல்லை. கப்பல்களைக் கரையருகே நிறுத்திப் பட்டினி போடுவதா, புயலுக்கு அஞ்சி விலக்கி வைப்பதா என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆங்கிலப் பக்கம் தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

காலக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் காட்டியவர் எதிர்வீட்டுப் பெரியவர். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் அக்காள் மகனோடு முதல் மாதிரியை ஆடியபோது, வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஐப்பசியில் இந்தக் கரையில் நங்கூரம் போட்டு நிற்க முடியாதே தம்பி, அந்த விதி எங்கே?" அப்படி ஒரு விதியை நான் எழுதியிருக்கவே இல்லை. ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் 1748இல் பெரிய படையோடு புதுச்சேரியை முற்றுகையிட்டு, அரியாங்குப்பத்தில் நாட்களை இழந்து, சதுப்பு நிலத்தில் அகழி வெட்டி, அக்டோபர் மழை தொடங்கியதும் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினாரே, அதற்குப் பதில் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. வலிமையான பக்கத்தின் மிகப்பெரிய எதிரி இங்கே நாள்காட்டிதான். அதை விதியாக்கினால், யாருடைய எண்ணிக்கையையும் தொடாமலே பாதிச் சமநிலை வந்துவிடும்.

இந்த வழியின் மறைமுக விலையையும் அதே மேசையில்தான் கண்டேன். அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஊர்மக்களுக்குப் புளியங்கொட்டைகளை வைத்திருந்தோம். ஒவ்வொரு சுற்றும் கோட்டைக்குள் இருக்கும் கொட்டைகளின் அளவுக்கு உணவு குறையும். பிரெஞ்சுப் பக்கம் என் அக்காள் மகன், ஒன்பதாம் வகுப்பு. நாலாவது சுற்றில் அவன் உணவைக் கணக்கிட்டான், நாட்களைக் கணக்கிட்டான், பிறகு கையால் அத்தனை கொட்டைகளையும் கோட்டைக்கு வெளியே ஒதுக்கினான். "இவர்கள் இருந்தால் நான் ஜனவரியைத் தாண்ட முடியாது மாமா." ஆங்கிலப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் வழிவிட மறுத்தார். உணவு தீர்ந்தால்தானே அவர் வெல்வார். கொட்டைகள் இரு படைகளுக்கும் நடுவே, ஒன்றும் எழுதாத வெற்றுப் பட்டையில், இரண்டு சுற்றுகள் அப்படியே கிடந்தன.

1760இன் இறுதியில் நடந்தது இதுவேதான். உணவை மிச்சம் பிடிக்க லாலி ஊர்மக்களை வெளியேற்றினார். ஆங்கிலேயர் நாட்கணக்கில் வழிவிடவில்லை. இரு கோடுகளுக்கும் நடுவே அந்த மக்கள் வேரையும் புல்லையும் தின்று கிடந்தார்கள். இந்த வரலாற்றை அவன் படித்திருக்கவில்லை. நான் எழுதிய வெற்றி நிபந்தனை அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. நான் சொன்னதும் அவன் காய்களைத் தொடாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான்.

இலக்கை மாற்றும்போது, எதைப் "பெரிது" என்று எண்ணுகிறோம் என்ற நம்முடைய தீர்ப்பு விதிக்குள் நுழைந்துவிடுகிறது. நாட்களை மட்டும் எண்ணினால் மக்கள் சுமை ஆகிவிடுவார்கள். வெளியேற்றுவதை நான் தடைசெய்யவில்லை. தடைசெய்தால் நடந்ததை மறைத்தவன் ஆவேன். நடுப்பட்டையில் கிடக்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமும் புள்ளி இழக்க வேண்டும் என்று எழுதினேன். வெளியேற்றியவரும் பொறுப்பு, வழிவிடாதவரும் பொறுப்பு. அதன்பின் ஆட்டத்தில் பேச்சுவார்த்தை வந்தது: "பாதிப் பேருக்கு வழிவிடுங்கள் தாத்தா, நான் ஒரு பீரங்கியை இந்தச் சுற்றில் சுடாமல் விடுகிறேன்." இப்படி ஒரு பேரத்தை நான் திட்டமிட்டு வைத்திருக்கவில்லை.

இன்னொரு விலையும் உண்டு. கடைசிச் சுற்றில் புள்ளிக்காக மட்டும் அர்த்தமில்லாத பாய்ச்சல்கள் நடக்கும், நாளை என்பது இல்லையே. அதற்கு மருந்து, முடிவு நாள் துல்லியமாகத் தெரியாமல் வைப்பது. கட்டுரையின் இறுதியில் அதற்கு வருகிறேன். சோதனை ஆட்டங்களும் நிறையத் தேவைப்படும். ஒரு புள்ளியைக் கூட்டினால் மறுபக்கம் சரியும்.

ஊருக்குள்ளிருந்து முற்றுகையும் போரும் எப்படித் தெரிந்தன என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பு இருக்கிறது. 1736இல் தொடங்கிக் கால் நூற்றாண்டு. எழுதியவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். கோட்டை விழுவதற்குச் சில நாள் முன்னர், 1761 ஜனவரியில் காலமானார். கப்பல் வரவு, வணிகம், ஊர்ப்பேச்சு என்று அதில் உள்ளவற்றை நிகழ்வு அட்டைகளாக மாற்றினால் ஐந்தாவது அளவுகோல் நிறைவேறும். பலகை விளையாட்டு உருவாக்கும் வாசகர் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

## வழி நான்கு: பக்கத்தை ஏலம் விடுவது

இருவருமே ஆங்கிலப் பக்கம் கேட்கிறார்களா? யார் அதிகம் விட்டுக்கொடுக்கத் தயாரோ அவருக்கே அது. "கோட்டைக்குள் இரண்டு வார உணவு கூடுதலாக இருக்கட்டும், நான் ஆங்கிலேயர்" என்று ஒருவர் சொல்ல, "மூன்று வாரம்" என்று மற்றவர் சொல்ல, கேட்பு நிற்கும் இடத்தில் ஆட்டம் தொடங்கும். வீட்டில் ஒரு பிள்ளை பங்கு பிரிக்க, மற்றது முதலில் எடுத்துக்கொள்வது போன்ற நியாயம் இது.

எந்தப் பக்கம் எவ்வளவு வலுவானது என்பதை வடிவமைப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை, ஆடுபவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஏலப்பொருள் உண்மையில் அங்கே இருந்த ஒன்றாக இருக்க வேண்டும்: வார உணவு, மாதச் சம்பளம், வெடிமருந்து. வெற்றுப் புள்ளியை ஏலம் விட்டால் வரலாற்றோடு தொடர்பு அறுந்துவிடும். புதியவர்களுக்கு இது சரிவராது. விலை தெரியாதவர் ஏலத்திலேயே தோற்றுவிடுவார். வாராவாரம் கூடி ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும் குழுவுக்கு இது அருமை.

## ஒரே பார்வையில்

| | சமப்படை | உள்ளபடி, இருமுறை | இலக்கு மாற்றம் | ஏலம் |
|---|---|---|---|---|
| கடைசி வரை வேலை | உண்டு | பலவீனப் பக்கத்துக்குக் குறைவு | உண்டு | பெரும்பாலும் உண்டு |
| காரணம் தெரிவது | இல்லை | முழுமையாக | நன்றாக | நன்றாக |
| வெற்றிவாய்ப்பு | சமம் | இரண்டும் சேர்த்துச் சமம் | நிறையச் சோதித்தால் சமம் | அனுபவசாலிகளுக்குச் சமம் |
| நேரம் | குறைவு | இரட்டிப்பு | ஆட நடுத்தரம், உருவாக்க மிக அதிகம் | நடுத்தரம் |
| ஊர்மக்கள், சிப்பாய்கள் | இடமில்லை | விதி எழுதினால் உண்டு | இயல்பாக வருவார்கள் | விதி எழுதினால் உண்டு |
| மறைமுக விலை | ஊரின் கதையே போய்விடும் | சலிப்பு | வடிவமைப்பவரின் தீர்ப்பு உள்ளே நுழையும் | புதியவர் தொடக்கத்திலேயே தோற்பார் |

## ஆண்டைத் தேர்ந்தெடுப்பதும் சமன்செய்வதுதான்

இந்த நான்கையும் எடைபோடும் முன் ஒரு கேள்வி: ஏன் 1760தான் வேண்டும்? 1758 ஜூன் 2 அன்று லாலியிடம் புனித டேவிட் கோட்டை பணிந்தது, அங்கே பிரெஞ்சுப் பக்கமே வலுவானது. 1748 ஆங்கிலேயர் தோற்ற முற்றுகை. மூன்றையும் ஒரே பெட்டியில் தந்தால் "எப்போதும் தோற்கும் பக்கம்" என்ற எண்ணமே எழாது.

இயல்பாகவே தராசு நேராக நிற்கும் ஆண்டு வேண்டுமென்றால் 1783, கடலூர். கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. வெளியே சென்னையிலிருந்து படையோடு வந்த ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட். ஜூன் 13 தாக்குதலில் ஆங்கிலப் பக்கம் இறந்தும் காயமுற்றும் சுமார் ஆயிரம் பேரை இழந்தது. கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூசிடம் 18 போர்க்கப்பல்கள், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் 15. ஆனால் ஹியூசின் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் விழுந்திருந்தார்கள், குடிநீரும் தீர்ந்துகொண்டிருந்தது. சுஃப்ரேன் புஸ்ஸியிடமிருந்து 1,200 பேரைக் கப்பலுக்கு வாங்கி, ஜூன் 20 அன்று போரிட்டார். ஹியூஸ் சென்னைக்கு விலகியதும், வாங்கிய ஆட்களோடு தன்னுடைய 2,400 பேரையும் சேர்த்துக் கரையில் இறக்கினார். ஜூன் 25 அன்று அந்தப் பலத்தோடு கோட்டையிலிருந்து பாய்ந்த தாக்குதல் தோற்றது. கோட்டைக்கு ஆள் முக்கியமா, கப்பலுக்கா என்ற ஒரே கேள்வியை வைத்து முழு ஆட்டத்தையும் நடத்தலாம். எண்களில் எதையும் திருத்த வேண்டாம்.

முடிவு நாள் சிக்கலுக்கும் இங்கே இயற்கையான தீர்வு இருக்கிறது. இத்தனை பேர் செத்த அந்த ஜூன் மாதத்துக்கு ஐந்து மாதம் முன்பே, ஜனவரியில், ஐரோப்பாவில் முதற்கட்ட சமாதானம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடலூர் வந்து சேர ஜூன் இறுதி ஆனது. ஆகவே சமாதான அட்டை ஒன்றைச் செய்யுங்கள். நிகழ்வு அட்டைக் கட்டின் அடியிலுள்ள ஆறு அட்டைகளோடு மட்டும் கலந்து வையுங்கள். அது வரும் சுற்றில் காய்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே ஆட்டம் நிற்கும், அப்போதுள்ள புள்ளியே முடிவு. எங்கள் மேசையில் அது முதல் முறை வந்தபோது, அக்காள் மகன் தாக்குதலுக்காகச் சிப்பாய்க் காய்களைக் கொத்தளத்துக்கு வெளியே நகர்த்தியிருந்தான். அட்டையைப் படித்துவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தான்.